சூடு தாங்காத பெட்டி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இது உங்கள் கைக்கு வரும்போது இடுப்பு வலி குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் கிரேன் ஏறுவதை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். கொடுத்தனுப்பிய மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். மருந்துக்கடைக்காரியைக் கட்டிக்கொண்டால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போனில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று பயப்பட வேண்டாம். நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மாமா காதில் விழும். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றியே பேச எனக்கு மனசு வரவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு உங்கள் அப்பாவுக்குக் கால் தேறிவிட்டது, வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது. அதற்காகத் தினமும் மத்தியானம் வீடியோவில் ஒரு டீச்சரம்மா பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அது கொஞ்ச நாள் நின்றுபோயிருந்ததை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை.

வகுப்பு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் நன்றாகப் போகும். மாமா ஒரு வார்த்தையைப் பிடித்து இழுத்து வாய் வரைக்கும் கொண்டு வருவார். அப்போது பார்த்து டீச்சரம்மாவின் முகம் அப்படியே உறைந்து, லைன் போய்விடும். தினமும் இதே கதை. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால், அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். போட்டால் வரும், மறுபடியும் போகும். ஒருவர் நேரிலேயே வந்து பார்த்தார். காலை வேளை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. லைனில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் மாமா வகுப்புக்கு உட்கார மாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். ஏன் என்று கேட்டேன். திரையைக் காட்டினார், இரண்டு விரலால் கத்தரிக்கிற மாதிரி செய்தார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இவன் தேறமாட்டான் என்று டீச்சரம்மாவே சலித்துப்போய் லைனைக் கத்தரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார் மனுஷர். ஊரையே அதட்டி பஸ்ஸுக்குள் ஏற்றிய கண்டக்டர், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டீச்சரம்மாவிடம் சொன்னபோது, இந்தச் சமயத்தில் பயிற்சி விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்றார்கள்.

அன்றைக்கே ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் மத்தியானம் வகுப்பு நேரம் ஆனதும் டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். குப்பென்று அனல் அடித்தது. வயர் வெளியே தெரியக்கூடாது என்று போன லீவில் ரௌட்டரை உள்ளே வைத்தீர்களே, அது செட்டாப் பாக்ஸின் தலையில் உட்கார்ந்திருந்தது. தூசு படக்கூடாது என்று மேலே துணி போர்த்தி மூடிய புண்ணியம் என்னுடையது. போதாததற்கு எதிர் ஜன்னல் வெயில் வேறு. தொட்டால் இஸ்திரிப் பெட்டி. கடையில் மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜைக்கூடச் சுவரோடு ஒட்டி வைக்க மாட்டோம், காற்றுக்கு இடம் விடுவோம். இது என் மண்டையில் உறைக்கவில்லை பாருங்கள்.

உடனே அணைக்கவில்லை. மாமாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அவர் விரலை அதன்மேல் வைத்தேன். சுரீரென்று இழுத்துக்கொண்டார்.

"மாமா, அந்தம்மா கட் பண்ணல. இந்தப் பெட்டிதான் சூடு தாங்காம மயங்கி விழுது" என்றேன்.

பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதி முகத்தில் சிரித்தார். அந்தப் பாதி எனக்குப் போதும்.

பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டேன். ஈரத்துணி சுற்றச் சொன்னார் மாடி வீட்டுக்காரர். கரண்ட் சாமானுக்கு ஈரத்துணியா என்று அவரை அனுப்பிவைத்தேன். உலர்ந்த பிரஷ்ஷால் ஓட்டைகளில் அடைந்திருந்த தூசியைத் தட்டி எடுத்தேன். ஹாலில் வெயில் படாத திறந்த அலமாரியில், பக்கத்தில் எதுவும் இல்லாமல், நிமிர்த்தி வைத்தேன். வயர் நன்றாகவே தெரிகிறது, நீங்கள் வந்து திட்டிக்கொள்ளுங்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தால், மறுநாளே மறுபடி கொதித்தது. இந்தத் தடவை அடாப்டரையும் பார்த்தேன். அதில் எழுதியிருந்த வோல்ட் வேறு, ரௌட்டரில் எழுதியிருந்தது வேறு. எப்போதோ பழைய சாமானிலிருந்து எடுத்து நம்மில் யாரோ மாட்டியிருக்கிறோம். யார் என்று விசாரிக்கப் போவதில்லை. கம்பெனிக்காரரை மறுபடி வரச் சொல்லி, சரியான அடாப்டர் மாற்றிக்கொண்டேன். அவரும் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி வெதுவெதுப்பாக இருந்தால் கவலை வேண்டாம், கை வைக்க முடியாமல் சுட்டால் மட்டும் கூப்பிடுங்கள் என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு வகுப்புகூட அறுபடவில்லை. இப்போது ரௌட்டருக்கு மாமாதான் காவல். வகுப்புக்கு முன்னால் புறங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்க்கிறார். நேற்று வகுப்பு முடிந்து டீச்சரம்மா கிளம்பும்போது, கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் மாமா கையைத் தூக்கிக் காட்டினார். அவர்களும் நானும் காத்திருந்தோம்.

"நாளைக்கு... சீக்கிரம்... வாங்க" என்றார்.

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அழவில்லை, அடுப்பில் பால் இருந்தது.

இனி உங்களிடம் ஒரு விஷயம். மாமா உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து நீங்கள் என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அப்பா எப்படி என்று என்னைத்தான் கேட்கிறீர்கள். உங்களுக்கு அது தாங்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் குறை சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களுக்காக ஒரு வார்த்தையைத் தனியாகப் பழகிக்கொண்டிருக்கிறார். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். அது வர நேரமாகும். நடுவில் நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். சத்தமே இல்லையே, லைன் போய்விட்டதோ என்று வைத்தும்விடாதீர்கள். லைன் போகாது, அதற்கு நான் பொறுப்பு. அவர் அங்கேயேதான் இருப்பார். நீங்களும் இருங்கள்.

இப்படிக்கு,
வீட்டையும் மாமாவையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்
உங்கள் மனைவி