எலியாவுக்கு எலிப்பொறி வேண்டாம்

அப்பா,

கடலூர் மாலை வகுப்புக்குக் கிளம்புகிறேன். சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவேன்.

வாசலில் நீங்கள் வைத்த எலிப்பொறியை எடுத்துவிடுங்கள். "தாத்தா, ராத்திரி எலியா வரும், கதவத் தொறந்து வைக்கணும்" என்று யாழினி சொன்னது எலியைப் பற்றி அல்ல. எலியா ஒரு தீர்க்கதரிசி. உங்கள் மருமகள் ரிவ்காவின் யூதக் குடும்ப வழக்கப்படி பஸ்கா பண்டிகை விருந்தன்று குழந்தைகள் அவருக்குக் கதவைத் திறப்பார்கள். அவருக்கென்று ஒரு டம்ளர் திராட்சைச் சாறும் நாற்காலியும் வைப்பார்கள். சரியாக விளக்கினேனா தெரியவில்லை. பொறியை மிதிக்கப்போவது யாழினிதான்.

பஸ்கா நடக்கும் இந்த வாரம் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாதென்று உங்கள் மருமகள் இட்லிமாவைத்தான் வெளியே வைக்கச் சொன்னாள், உங்களை அல்ல. "மாவு வெளிய போனா நானும் போறேன்" என்று குண்டானோடு மாடிக்குப் போனது நீங்கள்.

மேலவீதியில் வாங்கிய பேரீச்சம்பழத்தில் பாகு காய்ச்சியிருக்கிறாள். உங்களுக்குப் பிடிக்குமென்று கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

பி.கு.: யாழினி கதவைத் திறக்கும்போது வாசலில் நீங்களே வந்து நில்லுங்கள். எலியாவின் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று: குண்டான் மாடியிலேயே இருக்கட்டும்.