லைசென்ஸ் வந்தால்தான் கல்யாணம்

பிப்ரவரி 9

காலையில் கான்கிரீட் போட்டோம். மதியம், என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்த நிலம் அளக்கும் சர்வேயரிடம் போனில் "சரி" என்று சொல்லிவிட்டேன். நாற்பத்துநாலு வயதில் ஒருத்திக்கு இப்படியா காது சிவக்கும்? கொத்தனார் பார்த்துவிட்டு, "வெயில்ல நிக்காதீங்கக்கா" என்றார். வெயிலே இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். அவர் இருப்பது பக்கத்து மாநிலம். என் கட்டட ஒப்பந்த உரிமம் அங்கே செல்லாது. அதை மாற்றி வாங்கிய பிறகுதான் கல்யாணம். கட்டத் தெரிந்தும் கட்ட முடியாமல் ஒரு வீட்டில் போய் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. "அது இல்லாம வந்தா நீங்க நீங்களா இருக்கமாட்டீங்களே" என்றார்.

ஐயோ.

பிப்ரவரி 10

அண்ணனிடம் சொன்னேன். இத்தனை வருடமாக ஆளுக்கொரு உரிமம் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்துதான் வேலை எடுத்து நடத்துகிறோம். சாந்துச் சட்டியைக் கீழே வைத்தான். "கல்யாணம் பண்ணிக்கோ, வேணாங்கல. லைசென்ஸை எதுக்கு இடுப்புல தூக்கிட்டுப் போற? அது என்ன கைக்குழந்தையா?"

அதற்குப் பிறகு மட்டப்பலகையை ஒரே சுவரில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவர் நேராகத்தான் இருந்தது.

மார்ச் 3

தொழில் தேர்வு மறுபடி எழுத வேண்டாமாம்! இங்கே எழுதியதையே ஏற்றுக்கொள்வார்களாம். அந்த மாநிலச் சட்டத் தேர்வு மட்டும் பாக்கி. சாரத்தில் நின்றபடியே படிக்கிறேன். கொத்தனார் கீழிருந்து கேள்வி கேட்கிறார்.

"வீட்டுக்காரர் பாதியில வேலைய நிறுத்தச் சொன்னா?"

"எழுதி வாங்கணும்!"

"எழுதித் தரமாட்டேன்னா?"

"அது அடுத்த பாடம்."

மார்ச் 21

பாஸ்! பாஸ்! பாஸ்!

மார்ச் 28

உரிமத்துக்குக் கைரேகை பதியப் போனேன். கண்ணாடியில் விரலை வைத்தால் திரையில் வெறும் வெள்ளை. அங்கிருந்த பெண் என் விரலைத் துடைத்தாள், அழுத்தினாள், ஊதிக்கூடப் பார்த்தாள். "மேடம், உங்களுக்கு ரேகையே இல்ல."

சிமெண்ட் தின்றுவிட்டிருக்கிறது. "விரல்ல போனா போகட்டும்மா, உள்ளங்கையில கல்யாண ரேகை இருக்கான்னு பாரு" என்றேன். வரிசையே சிரித்தது. "ஒரு மாசம் சிமெண்டைத் தொடாம இருந்துட்டு வாங்க, திரும்ப வரும்" என்று அனுப்பிவைத்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை. வராமலே போயிட்டா? ரேகை இல்லேன்னா நான் யாருன்னே தெரியாதாமா? இந்த ஊர்ல பாதிச் சுவரு சொல்லுமே நான் யாருன்னு!

மார்ச் 29

அண்ணனிடம் சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவனோ நேரே கடைக்குப் போய்க் கையுறை வாங்கி வந்தான்.

"இனிமே நாற்காலி போட்டு உக்காந்து வாயாலயே கட்டு. அதுல உன்ன அடிச்சுக்க ஆளில்ல."

ஏப்ரல் 12

சும்மா இருப்பது என்ன கொடுமை! இன்று பூச்சு வேலை. மூலையில் ஒரு இடம் பிதுங்கிக்கொண்டு நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று கையுறையைக் கழற்றினேன்.

"தொடாத!" – மாடியிலிருந்து அண்ணன். கூடவே கொத்தனார். கூடவே, இது என்ன அநியாயம், வீட்டுக்காரரும்.

சாயங்காலம் சர்வேயர் போன். "கைக்கு எண்ணெய் தடவினியா?"

தடவினியா! 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. அவர் கவனித்தாரோ என்னவோ. நான் கவனித்தேன். தடவினேன், தடவினேன் என்று இரண்டு தரம் சொன்னேன்.

மே 2

எல்லா விரலும் பதிந்துவிட்டது, வலது கட்டைவிரலைத் தவிர. அது மட்டும் முரண்டு பிடித்தது. அந்தப் பெண் எழுந்து வந்து, என் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். பச்சை விளக்கு! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

ஜூன் 6

உரிமம் வந்துவிட்டது. அவருக்குப் போன் போட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

"வந்துடுச்சா?"

சிரித்தேன்.

"அப்ப தேதி குறிக்கலாமா?"

அதற்கும் சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நல்லது, தெரிந்தே கட்டிக்கொள்ளட்டும்.

ஜூன் 30

என் சாமான்களை அண்ணனே வண்டியில் ஏற்றினான். ஒவ்வொன்றாக. ரொம்ப மெதுவாக.

செப்டம்பர் 14

கல்யாணமாகி வந்த இந்த ஊரில் இது நான் கட்டும் இரண்டாவது வீடு. அவர் அளந்து கல் நட்ட மனையில் நான் அஸ்திவாரம் தோண்டுகிறேன். அளவுக் கயிறு கட்டுவதில் காலையில் அவரோடு சண்டை, சாப்பாட்டு நேரத்தில் சமாதானம்.

மதியம் அண்ணன் போன். மண் எப்படி, மழை எப்படி, வேலைக்கு ஆள் கிடைக்கிறார்களா என்று ஊரைச் சுற்றினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, அந்த லைசென்ஸ மாத்தறதுக்கு முதல்ல எந்த ஆபீசுக்குப் போகணும்?" என்றான்.

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, இன்னொரு தரம் சொல்லவைத்தேன்.