வாப்பாவின் காலில் குண்டூசி

மே 14, வியாழன், அல் குசைஸ், துபாய்

பாத மருத்துவம் படிக்க லண்டன், சிட்னி இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. சிட்னிக்குத்தான் பெரிய பெயர். ஆனால் அங்கே மூன்றாம் வருடம்தான் நோயாளியைத் தொட விடுவார்கள். லண்டனில் முதல் வருடமே.

மஃரிப் தொழுகைக்கு வாப்பா கைகால் கழுவி ஒளு செய்தபோது, தூக்கிய உள்ளங்காலில் ஏதோ மின்னியது. அவருடைய துணிக்கடைக் குண்டூசி, கொண்டைவரை இறங்கியிருந்தது.

“வலிக்கலையா வாப்பா?”

“எதும்மா?”

சர்க்கரை இருப்பது தெரியும். தினம் ஐந்து வேளை கழுவுகிற கால், அவருக்கே தெரியாமல் மரத்துப்போயிருக்கிறது. ஊசியை எடுக்க அதை மடியில் வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் கடையில் நின்ற கால், இருபத்தாறு எலும்புகளோடு என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டது. பிரமிப்பில் ஊசியையே மறந்துவிட்டேன்.

“வாப்பா காலையெல்லாம் தொடாதம்மா,” என்று கூசினார்.

பிறகு ஊசியை எடுத்து, மருந்து போட்டுவிட்டு, லண்டனுக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். இதை எழுதும்போதே வாப்பா வாசலில் வந்து நிற்கிறார். மற்ற காலையும் பார்க்க வேண்டுமாம்.