வெள்ளிச் செருப்பு ஆல்பம்

மார்ச் 4, 2006, சனி

காலையில் துபாய் அல் கூஸில் எங்கள் கம்பெனி ஸ்பீக்கர் கோடவுனுக்குள் நுழைகிறேன், என் பழைய பாடகன் லெமுவேல் கிராண்டியின் குரல். சந்தோஷப்பட்டேன். இரண்டே நொடி. பின்னாலேயே டும் டும் டும் என்று வந்துவிட்டது. அவனுடைய 1979 டிஸ்கோ ஆல்பம்! அட்டையில் வெள்ளிச் செருப்பு மாட்டிக்கொண்டு, சட்டைப் பட்டனைத் தொப்புள்வரை திறந்துபோட்டு நிற்பானே, அதேதான். இப்போது சி.டி.யாக மறுபடி போட்டிருக்கிறார்களாம். யார் கேட்டது?

எங்கள் சவுண்டு என்ஜினீயர் சுரேஷ்குமார் ஸ்பீக்கரைச் சோதிக்க வாங்கி வந்திருக்கிறார். "பேஸ் செமையா இருக்கு பாய்" என்றார். காதுக்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறாரோ.

மார்ச் 5

இன்றும் அதே சி.டி. எழுதித் தீர்த்தால்தான் ஆறும்.

1977-இல் சவுதி அல் கோபாரில் அமெரிக்கர் கேம்ப்பில் எனக்கு ஸ்டோர் வேலை. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் ஒரு பெட்டிக் கேசட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதில் இருந்தான் கிராண்டி. அமெரிக்கக் கறுப்பர்கள் உருகிப் பாடும் அதற்கு சோல் பாட்டு என்று பெயர் என்பதுகூடத் தெரியாது. வார்த்தை பாதி புரியாது. ஆனால் ஒரு வரியைப் பாடிவிட்டு நிறுத்தி மூச்சு விடுவான். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும். இருபத்திரண்டு வயது, ஒரே அறையில் எட்டுப் பேர், வேறெங்கே போய் அழுவது?

எட்டு ஆல்பம் அப்படிக் கொடுத்தவன் ஒன்பதாவதாக இந்த அசிங்கத்தைக் கொடுத்தான். மூச்சு விடவே இடமில்லை. யாரோ தாளம் போட, இவன் பின்னால் ஓடுகிறான். சம்பளக் காசில் வாங்கி ஒரே ஒரு தடவை கேட்டேன். கேசட்டை வீணாக்க மனசு வராமல், மறுபதிவு செய்ய விடாமல் மேலே இருக்கும் இரண்டு ஓட்டையையும் டேப் ஒட்டி அடைத்து, அதன்மேலேயே பேசிப் பதிந்து ஜுலைஹாவுக்கு அனுப்பினேன். எங்களுக்குக் கல்யாணமான புதிது. அப்போது ஊருக்குப் போகிறவர் கையில் கடிதத்துக்குப் பதில் கேசட்தான் கொடுத்தனுப்புவோம். அந்தக் குப்பைக்கு அது மரியாதையான முடிவு.

மார்ச் 10, வெள்ளி

ஜுலைஹா ஷார்ஜா வந்து பதினேழு நாள். மகள் அஃப்னாவைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் அவளால் வர முடிந்தது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் லீவையெல்லாம் கூட்டினால் நாலு வருஷம் தேறாது.

இன்று ஜன்னலுக்கு மஞ்சள் திரை வாங்கி மாட்டினாள். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? உடனே கழற்றி மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 13

மீன் ஆணத்தில் புளி அதிகம். சொன்னேன்.

மார்ச் 16

"மச்சான், டிக்கெட்ட மாத்திக் குடுங்க. அடுத்த வாரமே ஊருக்குப் போறேன்."

விசிட் விசா ஏப்ரல் 22 வரை இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "இங்க எனக்கு என்ன வேல இருக்கு?" என்றாள். அவ்வளவுதான்.

விசாவை நீட்டி, அப்படியே ஃபேமிலி விசா எடுத்து, இங்கேயே வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். சொல்லவில்லை. கெஞ்சச் சொல்கிறாளா? போறவ போகட்டும். இத்தன வருஷம் தனியா ஆக்கித் தின்னவனுக்கு இனிமே என்ன கேடு.

இல்ல — பயமாத்தான் இருக்கு. போனா திரும்பி வரமாட்டா.

மார்ச் 17, வெள்ளி

கோடவுனில் இனி யாரும் போடக்கூடாது என்று அந்த சி.டி.யை நேற்றே எடுத்து வந்துவிட்டேன். ஒரு நல்ல பாடகன் எப்படிக் கெட்டுப்போவான் என்று காட்ட ஜுலைஹாவுக்குப் போட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், நாலாவது பாட்டில் அவள் விரல் தாளம் போடுகிறது. அப்புறம் பாடவே ஆரம்பித்துவிட்டாள்! இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஓரிடம் பிசகவில்லை.

"இது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க அனுப்புன கேசட்டுல நீங்க பேசி முடிச்சதும் வருமே, மச்சான்."

நான் பேசியது இருபது நிமிஷம் இருக்கும். மிச்சத்தை அழிக்காமல் விட்டிருக்கிறேன். பாட்டு மனப்பாடம் ஆகிற அளவுக்கு என் பேச்சைக் கேட்டாளா என்று உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை அவளிடமே கேட்டும் தொலைத்தேன்.

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒங்க பேச்சுல என்ன இருந்துச்சு? சாப்பாடு சரியில்ல, ரூம்ல உள்ளவன் சரியில்ல, எங்க உம்மா குடுத்துவிட்ட ஊறுகா சரியில்ல. கேக்கையிலயே கேசட்ட அணைச்சிடலாமான்னு இருக்கும். அது முடிஞ்சதும் இந்தப் பாட்டு வரும். அதுக்காவத்தான் கேசட்டையே போடுவேன். இம்புட்டும் பேசிட்டு, என்னயச் சமாதானம் பண்ண நீங்களா போட்டுவிட்டியன்னு நெனச்சேன்."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மார்ச் 18

ஆல்பம் குப்பைதான். அதில் எனக்கு மாற்றமில்லை.

மார்ச் 20

டிக்கெட் மாற்ற டிராவல்ஸ் வரை போனேன். கூட்டமாக இருந்ததால் திரும்பிவிட்டேன்.

கூட்டமே இல்லை. என் டைரியில் நானே எதற்குப் பொய் எழுதுகிறேன்?

மார்ச் 24, வெள்ளி

நேற்று சுரேஷ்குமாரிடம் சி.டி.யை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "இதையா பாய்?" என்று அவர் சிரித்த சிரிப்பு எனக்கு வேண்டியதுதான்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து மஞ்சள் திரையை எடுத்து மாட்டினேன். இப்போதும் கல்யாண மண்டபம்தான். சொல்லவில்லை. ஆணத்தில் உப்பு குறைவு. சொல்லவில்லை. பிறகு கிராண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டிலிருந்து அதே டும் டும். பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். கல்ஃபுக்கு வந்து இத்தனை கஷ்டமான வேலை பார்த்ததில்லை.

நாலாவது பாட்டு வந்தது. அவள் கூடவே முனகினாள். முடிந்ததும் கேட்டாள்:

"விசாவ நீட்டுறதுக்கு பாஸ்போர்ட்டு மட்டும் போதுமா மச்சான், போட்டோவும் வேணுமா?"

போட்டோவும் வேணும் என்றேன்.