பெட்டி கிடைத்த மார்கழி

டிசம்பர் 17, புதன்

பனி. எட்டரை மணி வரை மலை கண்ணில் படவில்லை. நேற்றுத் துவைத்த துணி இன்றும் ஈரம். கொடியைக் கிழக்குப் பக்கம் மாற்றிக் கட்ட வேண்டும்.

வேலை: சமையல் வீடியோ இரண்டுக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகள் போட்டு அனுப்பியாயிற்று. மூன்றாவது, முழங்கால் வலிக்குப் பயிற்சி. நாளை.

மத்தியானம் ஜெயசீலி அக்கா மாடி ஏறி வந்தார். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர், குடியிருப்பது கீழே. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடிந்த சிவந்த கண்கள். கையில் போன், போனில் ஆங்கில வீடியோ. பாலைவனத்தில் ஒரு குகை, அதற்குள் மரப்பெட்டி, மேலே தங்கத் தகடு. பைபிளில் வரும், கடவுளின் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி இதுதானாம். யூதர்களின் பழைய கோயில் இடிந்த காலத்தில் காணாமல் போனது, இப்போது கிடைத்துவிட்டது என்கிறார்கள்.

இதற்குத் தமிழ் போட்டுத் தர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சபையில் போட்டுக் காட்ட பாஸ்டர் கேட்டிருக்கிறார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அக்கா சொன்னது வேறு.

“சபைக்கு இல்ல பத்மா. இவரு பாக்கணும்.”

இவர் என்றால் சாமுவேல் அண்ணன், அக்காவின் கணவர். கலெக்டர் ஆபீசில் வேலை. மகள் ஷெரின் காய்ச்சலில் போய் மூன்று வருடம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அதிலிருந்து அண்ணன் சபைக்குள் கால் வைப்பதில்லை. ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் அக்காவைக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும் நேரத்துக்கு வந்து நிற்பார். நடுவில் டீக்கடை என்று அக்கா நினைக்கிறார். நானும்.

“அத்தாட்சி கண்ணு முன்னாடி இருந்தா எப்படிமா வராம இருப்பாரு?”

சரி என்று சொல்லிவிட்டேன். மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்தக் கண்களைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

முழங்கால் ஓரமாக நிற்கட்டும். பெட்டி வேலைதான் நாள் முழுக்க.

வீடியோவில் பாதி இசை. பேசுகிறவர் ஒவ்வொரு கேள்விக்கும் மூச்சை இழுத்து நிறுத்துகிறார். குகைச் சுவரில் ஒரு பிளவு, அதில் விளக்கைக் காட்டுகிறார்கள், உள்ளே ஏதோ மினுங்குகிறது. ஆய்வு இன்னும் முடியவில்லை என்று ஓர் இடத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துவிடுகிறார். அந்த வரியைத் தமிழில் விடாமல் போட்டேன்.

ஆனால் உண்மையை எழுத வேண்டும். பிளவுக்குள் அந்த மினுக்கம் வந்ததும் எனக்குக் கை சிலிர்த்தது. மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அது என் மதமும் இல்லை. எந்த மதத்தையும் நான் படிப்பதோடு சரி. பிறகு கைக்கு என்ன வந்தது?

உண்மையிலேயே கிடைத்தால் யார் யாருக்கு என்ன ஆகும்:
– நம்புகிறவர்களுக்குச் சந்தோஷம். நம்பாத சொந்தக்காரர்களிடம் சொல்லிக்காட்டும் சந்தோஷமும்.
– நம்பாதவர்களுக்குப் பெட்டி பெட்டிதான். மரம் இருந்தது, தங்கம் இருந்தது, அவ்வளவுதானே என்பார்கள்.
– நாடுகளுக்குச் சண்டை போட இன்னொரு பொருள்.
– என் போன்றவர்களுக்கு? தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா போன். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டாயா என்ற அதே முதல் கேள்வி. (சாப்பிட்டேன். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணர் வழக்கத்தை இங்கே நான் விட்டுவிட்டேனோ என்று அம்மாவுக்கு ஓயாத சந்தேகம்.) பெட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“நம்ம குன்று மேல பாதம் இருக்குதே, அது சாமி நடந்தப்போ விழுந்த தடமா? எவனோ சிற்பி செதுக்கினது. தெரிஞ்சுதான் பூ வெக்கறேன்.”

உண்மையான பாதத்தடமே வேறொரு பாறையில் கிடைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று மடக்கினேன்.

“மொதல் பஸ்ல போவேன். பாத்துட்டு வந்து இதுக்குத்தான் பூ வெப்பேன்.”

இதற்கு மேல் வாதம் செய்ய என் படிப்பு போதாது.

டிசம்பர் 20, சனி

வெயில் வந்தது. துணி காய்ந்தது.

தமிழ் முடிந்தது. பாஸ்டருக்கு அனுப்பினேன். இளைஞர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ‘நன்றி சிஸ்டர்’ என்று பதிலும் நான்கு கைகூப்பும்.

செங்கம் சாலைப் பக்கம் போனேன், பழைய புத்தகக் கடைக்கு. ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் இரண்டு ஆட்டோக்காரர்கள். ஒருவர் போனில் அதே குகை.

“அதுல தங்கம் எவ்ளோ இருக்கும்?”

“எவ்ளோ இருந்தா ஒனக்கென்னா. சீல் வெச்சி கவர்மென்ட் எடுத்துக்கும்.”

“நமக்கு அந்தத் தொல்ல இல்ல பா. மலதான் சாமி. எவன் தூக்கினு போவான்?”

டீக்கடைக்காரர் அதற்குள் கொப்பரை மை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கார்த்திகைத் தீபம் எரிந்த கொப்பரை மலையிலிருந்து இறங்கிவிட்டது. ஆருத்ரா தரிசனத்தன்று அதன் மையை நெற்றிக்குத் தருவார்கள். ஊரில் இல்லாத மகனுக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைக்க வேண்டுமாம் அவருக்கு. அந்த மையை யாரும் சோதனைக்கு அனுப்புவதில்லை. தீபத்தைத்தான் ஊரே பார்த்ததே. மை அதன் மிச்சம்.

அத்தாட்சி வேறு, மிச்சம் வேறு. பெட்டியை அக்கா எதுவாகக் கேட்கிறார்?

டிசம்பர் 21, ஞாயிறு

வரிகள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க சபைக்குப் போனேன். கடைசி பெஞ்சு. மின்விசிறிச் சத்தம், மல்லிகை வாசனை, குழந்தைகள். பெட்டி மினுங்கியபோது எனக்கு முன்னால் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பல பேர் கைதட்டினார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டும் தோழியிடம் கேட்டது காதில் விழுந்தது: “இது கெடைக்கலனா நாம இத்தினி நாள் நம்பினது என்னா, சும்மாவா?” தோழி ஷ்ஷ் என்றாள்.

நல்ல கேள்வி. பாஸ்டர் காதுக்குப் போகவில்லை.

வெளியே வந்தால் சாமுவேல் அண்ணன் ஸ்கூட்டரோடு. செருப்பில் செம்மண். எப்படி இருந்தது என்று மரியாதைக்குக் கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அக்கா என் காதில்: நாளைக்கு வீட்டில் போடலாம், டிவியில் மாட்டிக் கொடு.

டிசம்பர் 22, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இரண்டு நாள் போனால் என் வசதிக்கு மாற்றிக்கொள்வேன்.

ஐந்து மணி. கீழ்வீட்டுக் கூடம். கேபிளைக் கொண்டுபோய் டிவியில் மாட்டினேன். அண்ணன் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தார், சட்டைகூட மாற்றவில்லை. அக்கா டீ கொடுத்து உட்காரவைத்தார். அவர் முழுவதும் பார்த்தார். அசையவில்லை. டீ ஆடை கட்டியது.

முடிந்ததும் என்னைப் பார்த்து, தமிழ் நன்றாக இருக்கிறதென்றார்.

“அதில்லங்க. எல்லாம் உண்மைனு ஆயிடுச்சே” என்றார் அக்கா.

“நான் எப்போ பொய்யின்னேன்?”

அண்ணன் சத்தம் போடவில்லை. ஆபீசில் மனு கொடுக்க வந்தவரிடம் பேசுவது போலப் பொறுமையாகச் சொன்னார்.

“அவரு இல்லனு நெனச்சிருந்தா நிம்மதியா வந்து ஒன் பக்கத்துல உக்காந்துனு இருப்பேன் ஜெயா. பாட்டு பாடிட்டு வந்திருப்பேன். இருக்காருனுதான் வரல.”

பிறகு சுவரைக் காட்டினார். சட்டம் போட்ட சின்ன அட்டை ஒன்று. எட்டு மாதமாக அதைத் தாண்டித்தான் வாடகை கொடுக்கப் போகிறேன், படித்ததில்லை. புது வருடத்தன்று சபையில் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பார்கள். அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். வீட்டில் மாட்டி, அடுத்த வருடம் புதியதை மாட்டுவார்கள். இங்கே மாற்றவில்லை. அது ஷெரின் தன் கையால் எடுத்தது. குணமாக்குவேன் என்கிற வசனம். காய்ச்சல் வந்தது அதே வருடம்.

“பெட்டியில இருக்கற வாக்கு எவங்களுக்கோ குடுத்தது. எனக்குக் குடுத்தது அதோ மாட்டியிருக்குது.”

அக்கா கேட்டார், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று. மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பது இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது.

“பாப்பா கிட்ட. கல்லறையில உக்காந்துதான் அவர கேக்கறேன். சபையில கேட்டா எல்லாரும் பதில் சொல்ல வந்துடறாங்க.”

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். வந்தபின்தான் பார்த்தேன், அவர்கள் டிவி ரிமோட்டும் என் கையில்.

டிசம்பர் 23, செவ்வாய்

முழங்கால் வீடியோ. முடிந்தது. கீழே சத்தமில்லை. ரிமோட்டை வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அத்தாட்சி கிடைத்தால் நம்பிக்கை கூடும், பொய்யென்றால் குறையும். வியாழக்கிழமை என் பட்டியல் முழுக்க இந்த ஒரே கணக்குதான். அண்ணன் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. கடவுள் உண்டு என்று நிரூபித்தால் அவருக்கு மனத்தாங்கல் ஜாஸ்தி ஆகுமே தவிர கம்மி ஆகாது. இத்தனை புத்தகம் படித்து இது எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 24, புதன்

மேகம். மலை உச்சி மட்டும் மறைந்து.

துணி எடுக்கப் போனால் மொட்டை மாடியில் ஜெ. அக்கா, காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டு. எனக்கென்று முட்டை இல்லாமல் ஒரு கேக் செய்திருக்கிறார், வெளிச்சம் போவதற்குள் சாப்பிடச் சொன்னார். நின்றபடியே சாப்பிட்டேன். முந்திரி நிறைய.

அண்ணன் பேசினாரா என்று கேட்டேன். எப்போதும் போலத்தான் இருக்கிறாராம். தான்தான் அப்படி இல்லை என்றார். நட்சத்திரத்தின் கயிறு சிக்கியிருந்தது, இரண்டு பேரும் பிரித்தோம். அவர் கயிற்றைப் பார்த்தபடியே பேசினார்.

“அவருக்குனு சொன்னேன். எனக்குத்தான் வேணும் பத்மா அந்தப் பெட்டி.”

மூன்று வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிறாராம். எல்லாப் பாட்டும் மனப்பாடம். உள்ளே ஒன்றும் அசைவதில்லையாம். வேலைக்குப் போகிற மாதிரி போய்விட்டு வருகிறாராம்.

“அவரு சண்டையாவது போடறாரு. நானும் கேட்டு, அந்தப் பக்கம் யாருமே இல்லனா? அந்தப் பயத்துலதான் கேக்காமயே இருக்கறேன்.”

நான் ஸ்விட்சைப் போட்டேன். நட்சத்திரம் எரிந்தது. கொஞ்சம் சாய்வாக.

டிசம்பர் 25, வியாழன்

வீடெல்லாம் பிரியாணி வாசனை. எனக்குத் தனியே தயிர்சாதம், உருளைக்கிழங்கு போடாத பொரியல் (மண்ணுக்குள் விளையும் கிழங்கு எங்களுக்கு ஆகாது). அக்கா எதையும் மறப்பதில்லை.

காலையில் வழக்கம் போல அக்கா சபைக்கு, அண்ணன் வாசலோடு. புதுச் சட்டை அவருக்கு. அக்கா எடுத்தது.

டிசம்பர் 26, வெள்ளி

பெட்டி அதுவல்ல.

ஆய்வு செய்தவர்களே சொல்லிவிட்டார்கள். மரம் அவ்வளவு பழையதே இல்லையாம், எந்தக் காலத்திலோ ஒரு பணக்கார வீட்டுச் சாமான் பெட்டியாக இருக்கலாமாம். வீடியோவை எடுத்துவிட்டார்கள்.

பாஸ்டர் போன். நம் தமிழையும் எடுத்துவிடச் சொன்னார். பாவம், குரல் உள்ளே போயிருந்தது. ஏன் போட்டீர்கள் என்று சிலர் கேட்கிறார்களாம், உண்மையை மறைக்கிறார்கள் என்று சிலர். அந்தக் கல்லூரிப் பெண் மட்டும், பரவாயில்லை ஐயா, முன்னே இருந்த மாதிரியே இருக்கலாம் என்றாளாம். ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது என்று என்னைக் கேட்டார். அவள் சொன்னதையே சொல்லுங்கள் என்றேன்.

வீடியோவை அழிக்கும்போது எனக்குள் சின்னதாக ஒரு துக்கம். எனக்குக் கிடைக்காத ஒன்றுக்கு நான் ஏன் துக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆனாலும் இருந்தது.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். “ஓ” என்றார். கை நிற்கவில்லை. கூடத்திலிருந்த அண்ணன் கேட்டுவிட்டு, “நம்பினவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்” என்றார். கிண்டல் துளியும் இல்லை. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். மாவுக் கையோடு வெகுநேரம் பார்த்தார்.

டிசம்பர் 28, ஞாயிறு

பனி லேசாக. எட்டு மணிக்கே மலை தெளிவு. போர்வை நனைத்து வைத்திருக்கிறேன், அலச வேண்டும்.

எட்டரைக்குக் கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம், உடனே அணைந்தது. மாடிக் கைப்பிடிச்சுவரிலிருந்து பார்த்தேன். அக்கா பின்சீட்டில் ஏறவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் உடுப்பும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பட்டும் இல்லை, வீட்டில் கட்டும் நூல் புடவை.

“இன்னைக்கு என்னைய சபையில எறக்க வேணாம். பாப்பா கிட்டயே கூட்டிட்டுப் போங்க. நானும் கேக்கறேன்.”

அண்ணன் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார், ஸ்கூட்டர் கண்ணாடியை. பிறகு சொன்னார்:

“பத்து மணிக்கு மேல அங்க வெயில் ஜாஸ்தி. கொட எடுத்துக்கோ.”

அக்கா குடை எடுக்க உள்ளே போனார்.