இரண்டுக்கும் சரி சொன்ன அப்பா

பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? வழக்கம்போல உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே எழுதுகிறேன். வீட்டுக்கு எழுதினால் உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே அம்மா வாயை மூடிக்கொள்வாள். அப்புறம் அந்த வாரம் முழுக்க உங்களுக்குச் சாப்பாடு தட்டில் விழும், பேச்சு விழாது.

முதலில் நல்ல சேதி. மே மாத நடுவில் எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்துவிட்டது. எங்கள் பேருந்துப் பணிமனையில் என்னைப் போன்ற ஓட்டுநர்களுக்கு ஒரு தடவை தேதி போட்டால் போட்டதுதான், மாற்ற முடியாது. அதனால் நாம் சந்திப்பது இந்த வருடமும் பேச்சோடு நின்றுவிடக் கூடாது அப்பா. பணிமனை மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டேன் என்று அம்மா என்னை வாசல் மிதிக்கக் கூடாது என்றாள். ஆறு வருடம் ஆயிற்று. குட்டிக்கு நான்கு வயது. நம் வீட்டு மனிதர்களை அவள் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

வெளியூரில் சந்திக்கலாம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனை. தீவா, கடற்கரை நகரமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு நகரம்தான். அங்கே கூட்டம் இருக்கும், அகலமான கடற்கரைச் சாலை இருக்கும். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம் என்று நடந்துவிடலாம். தீவில் இருப்பது ஒரே சாப்பாட்டுக் கூடம். அங்கே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மூன்று வேளையும் அந்த முதுகைப் பார்த்தபடிதான் நான் சாப்பிட வேண்டும்.

யோசித்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

பிப்ரவரி 20

என் செல்ல வாலுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஒரு பெரியவர் கண் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படித்தேன். திரும்பி வந்தால் மனிதர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

பயணம் என்று அம்மாவிடம் பேச்சை எடுத்துவிட்டேன். நீ வருவதைச் சொல்லவில்லை, வெறும் பயணம் என்றுதான் சொன்னேன். எடுத்த எடுப்பிலேயே தீவு என்றாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போய்விட்டு வந்து, தண்ணீருக்கு அடியில் காலுக்கு நடுவே மீன் ஓடுவது தெரியும் என்று ஏற்றிவிட்டிருக்கிறாள். "நகரம்தானே இங்கயே இருக்கு? அங்க போயும் புகையைக் குடிக்கணுமா? வாழ்க்கையில ஒரு தடவையாவது ஹாரன் சத்தம் இல்லாத இடத்துல என்னைக் கொண்டுபோய் விடுங்க" என்றாள்.

எனக்கும் தீவு ஒரு விதத்தில் நல்லது என்று தோன்றுகிறது. அங்கே அவள் எங்கே ஓடுவாள்? ஒரு நாள் முதுகைக் காட்டுவாள், இரண்டு நாள் காட்டுவாள், குட்டி போய் மடியில் ஏறினால் என்ன செய்வாள்? ஆனால் நீ நகரம் என்றால் நகரம்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வருகிறவர்களிடம் "முதல் கண்ணாடி தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" என்று கேட்பதே என் பிழைப்பு. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால்தான் இரண்டுமே நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அப்பா

மார்ச் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நகரம்தான். துறைமுகத்தின் எதிரில் ஒரு சின்ன விடுதியில் இரண்டு அறை சொல்லிவிட்டேன், அடுத்தடுத்த அறைகள். விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இவர் வரவில்லை. "முதல் தடவை நான் எதுக்கு நடுவுல? நீயும் குட்டியும் போயிட்டு வாங்க" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நான் வருகிறேன் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்துக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தாதீர்கள். அவளை ஏமாற்றிக் கூட்டிவந்தேன் என்ற பழி எனக்கு வேண்டாம், ஏற்கெனவே இருப்பதே போதும். அவள் வரமாட்டேன் என்றால் வரமாட்டாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அழுதுவிட்டு வேறு எங்காவது போய்க்கொள்கிறேன். நீங்கள் மட்டும் தனியாக வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். எதுவாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் அப்பா.

குட்டி இப்போதே பெட்டியை இழுத்துக்கொண்டு கூடத்தில் சுற்றுகிறாள். உங்களைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடமே ஒத்திகை பார்க்கிறாள்.

அன்புடன்,
உங்கள் மகள்

ஏப்ரல் 9

என் செல்ல வாலுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்ல நான் முயற்சி செய்யாமல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நல்ல மனநிலைதான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன, ரொம்ப நேரமா தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள். தண்ணீர் வேண்டும் என்றேன். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆனால் இதைக் கேள். நேற்றுக் கடைத்தெருவில் போகும்போது ஒரு செருப்புக் கடை வாசலில் நின்றுவிட்டாள். "நாலு வயசுக் குழந்தைக்குப் பாதம் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டாள். இவ்வளவு இருக்கும் என்று கையால் காட்டினேன். பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள். கல் கரைகிறது வாலு. நான்தான் அவசரப்பட்டுப் பேசி அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயப்படுகிறேன்.

நகரம் பற்றி நீ கவலைப்படாதே. கட்டாயம் வருகிறோம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போட்டுத்தருவதுபோல எல்லோருக்கும் சரிப்பட்டு வருகிற ஒரு ஏற்பாடு என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்கிறேன். நீ குட்டியோடு வந்து சேர்ந்தால் போதும்.

உன் அப்பா

மே 17

என் கண்ணு,

இந்தக் கடிதத்தைத் தீவிலிருந்து எழுதுகிறேன். நீ துறைமுகத்தின் எதிரில் உட்கார்ந்திருப்பாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது என்று தெரியவில்லை.

அம்மா தீவு என்பதில் உறுதியாக இருந்தாள். அவளிடம் சரி என்றேன். உன்னிடமும் சரி என்றேன். இரண்டுக்கும் நடுவில் தினமும் படகு ஓடுகிறது, மூன்று மணி நேரம்தான். இங்கே வந்த மறுநாள் காலையில் "சும்மா நகரத்தை ஒரு எட்டு பாத்துட்டு வரலாம் வா" என்று அவளை அழைத்துவந்து உன் விடுதி வாசலில் நிறுத்திவிடலாம் என்பதே என் ஏற்பாடு. என் கணக்கில் எல்லாம் இருந்தது, காற்று இல்லை.

வந்த அன்று ராத்திரியே கடல் கலங்கிவிட்டது. துறையில் சிவப்புக் கொடி கட்டிவிட்டார்கள். தொலைபேசியும் செத்துக் கிடக்கிறது. படகுக்காரரிடம் போய் நின்றால் "காத்து அடங்கட்டும் சார், நான் என்ன கடலைப் பிடிச்சா நிறுத்த முடியும்?" என்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இலேசாகத்தான் ஆரம்பித்தேன், எதையும் மறைக்காமல் முடித்தேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"குழந்தையையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காளா?" என்றாள்.

"ஆமா."

"அங்க உக்காந்திருக்காளா, இப்பவும்?"

"ஆமா."

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்?"

எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டிவிட்டாள். அப்போதிலிருந்து படகுத்துறைக் கொட்டகையில்தான் இருக்கிறாள். மழைச்சாரல் அடிக்கிறது, உள்ளே வா என்றால் காது கேட்காதவள்போல உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் ஒரு பேச்சும் இல்லை. அங்கே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் படகு எப்போது என்று கேட்கிறாள். அவள் உன்னைப் பார்க்க வரமாட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டு பயந்திருக்கிறேன்.

முதல் படகிலேயே வந்துவிடுகிறோம். அதில் எங்களுக்கு இடம் கிடைக்காவிட்டாலும் இந்தக் கடிதமாவது தபால் பையில் வந்து சேரும். நீ போய்விடாதே கண்ணு. இன்னும் ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்.

உன் அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

விடுதிக்காரர்கள் உங்கள் கடிதத்தை இங்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு ஒரு வயதான தம்பதி பெட்டியோடு வந்து விசாரித்ததாகவும், அந்த அம்மாள் அடுத்தடுத்த இரண்டு அறைகளையும் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்ததாகவும் கூடவே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னால் பேருந்தை எடுக்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விடுப்பு முடியும் வரைக்கும் இருந்தோம் அப்பா. குட்டி தினமும் கடற்கரைச் சாலையில் கண்ணாடி போட்ட பெரியவர்களைக் காட்டி "இவங்களா? இவங்களா?" என்று கேட்டாள். முதலில் சிரித்தேன். அப்புறம் அவளை அந்தப் பக்கம் கூட்டிப்போவதையே விட்டுவிட்டேன். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கடல் மேல் கோபப்பட முடியாது. அம்மா மேலும் முடியவில்லை. வராதே என்று அவள் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். ஆறு வருடமும் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கட்டாயம் வருகிறோம் என்று எழுதியது நீங்கள். உங்களை நம்பித்தான் குழந்தையோடு அந்தத் துறைமுகத்தில் நின்றேன். உங்களுக்கு எங்கள் இருவர் மேலும் பாசம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைத் தாங்க எனக்கு இனித் தெம்பு இல்லை.

இந்தக் கடிதத்தைப் போடும்போதே வீட்டு விலாசத்துக்கு, அம்மா பெயருக்கு ஒன்று போடுகிறேன். அவள் கிழித்துப் போடலாம். கிழித்தால் அவளே கிழித்தாள் என்றாவது எனக்குத் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் கேட்காதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதாதீர்கள். எனக்காக அவளிடம் எதுவும் பேச வேண்டாம் அப்பா, நல்லதாகக்கூட.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்