அக்காவோடு போகிற பச்சைப் பெட்டி

12.8.2003 செவ்வாய்

சோளகக் காற்று. முற்றமெல்லாம் புழுதி. மண்ணெண்ணெய் அரைப் போத்தல், பழைய சாரத் துணி, தேய்ந்த பிரஷ் எடுத்து வைத்தேன். அப்பா மெசின் திருத்துகிற சாமான்கள் இருக்கிற பச்சைப் பெட்டியைத் துடைத்து அடுக்க வேண்டும். ஆவணி பிறந்ததும் அக்காவின் சீதனமாகப் போகிறது.

மாப்பிள்ளைக்குப் பரந்தன் சந்தியில் கராஜ் வேலை. இனித் தனியாகத் தொடங்கப்போகிறாராம். போன கிழமை அவரின் அம்மா வந்து சொன்னவா: "காணி, நகை ஒண்டும் நாங்கள் கேக்கேல்லை. பெடியனுக்கு அந்தச் சாமான் பெட்டி மட்டும் காணும்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு இருபத்தெட்டு. முதல் வந்த இரண்டு சம்பந்தமும் சீதனத்தால்தான் தட்டிப்போயின.

அப்பா என்னைப் பார்க்காமல், "எனக்கு இனி என்னத்துக்கு" என்றார்.

அவருடைய வலக்கை விரல்கள் அரைக்கிற மெசினின் பெல்ட்டில் அகப்பட்டதிலிருந்து மடங்குவதில்லை. அந்த வருடம்தான் நான் எட்டாம் வகுப்போடு நின்றது. ஆட்கள் தண்ணீர்ப் பம்பையும் மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டுப் போவார்கள். கிடுகுத் தட்டிக்குப் பின்னால் நான் கழற்றிப் பூட்டுவேன். பின்னேரம் அப்பா எடுத்துக் கொடுப்பார். நான் செய்வது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் எனக்கு மாப்பிள்ளை வராது என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும் ஆட்களுக்கு முன்னால் நிற்க வராது. அதனால் தட்டி நல்லதாகவே இருந்தது.

13.8 புதன்

எண்ணிக்கை.
சொக்கெற் 23. ஒன்று வெடித்தது.
இரட்டை வாய் ஸ்பானர் 14.
றிங் ஸ்பானர் 9.
திருப்பும் கைபிடி 2. ஒன்றில் பல் தேய்ந்து வழுக்கும்.
குறடு, சுத்தியல், திருப்புளி நான்கு.

இஞ்சி, அதாவது அங்குல அளவுச் சாமான்களை வேறாக்கினேன். அரை இஞ்சியும் 13 மி.மீ.உம் கண்ணுக்கு ஒன்றுபோல. தொடங்கின காலத்தில் அரை இஞ்சியை 12 மி.மீ. நட்டில் போட்டு இழுத்து மூலையெல்லாம் மழுங்கடித்தேன். அப்பா ஏசவில்லை. "என்ர கையெண்டால் இதைவிட மோசமாச் செய்திருக்கும்" என்று மட்டும்.

நான் நம்பர்ப்படி வைப்பதில்லை. பம்புக்கு வேண்டியது ஒரு துணிச்சுருளில், மோட்டார் சைக்கிளுக்கு வேண்டியது இன்னொன்றில், கை போகிற ஒழுங்கில். பெட்டிக்குள் பார்க்கத் தேவையில்லை. அப்படியே வைத்தேன்.

அம்மா: "குடுக்கிற சாமானை இவ்வளவு மினுக்கவேணுமே?" கொஞ்ச நேரத்தில் அவவே, "மினுக்கு, மினுக்கு. அக்கான்ர மரியாதை."

கையில் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. சோற்றிலும் அதே மணம். பூனைக்குப் போட்டேன்.

15.8 வெள்ளி

மாப்பிள்ளை வந்தார், பெட்டியைப் பார்க்க. நான் குசினிக்குள். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு என் காதுக்குள், "என்னைப் பாக்க அஞ்சு நிமிசம், பெட்டியைப் பாக்க ஒரு மணித்தியாலம்." இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வெளியே அவரின் குரல்.

"மாமா, இதை ஆர் இப்பிடி அடுக்கினது?"

அப்பா: "நான்தான்."

"நல்ல துப்புரவு. ஆனா நம்பர்ப்படி இருந்தால்தான் மாமா கெதியா எடுக்கலாம்."

சுருள்களை அவிழ்த்து 8, 9, 10 என்று வரிசையாக வைத்துக் காட்டினார். இஞ்சியும் மி.மீ.உம் ஒன்றாகக் கலந்துவிட்டன. குசினித் தட்டியின் ஓட்டையால் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மனிதர். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

போன பிறகு திரும்பப் பிரித்தேன். அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

19.8 செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. வெயில் குறையவில்லை. சிறுபோக நெல் வெட்டுகிறார்கள்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அக்கா கேட்டாள்.

"எடி, உனக்குப் பெட்டி வேணுமெண்டால் சொல்லு. நான் அவரிட்டக் கதைக்கிறன்."

"கதைச்சு?"

"வேற என்னவும் பாப்பம் எண்டு சொல்லுவன்."

வேறு என்ன இருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கையில் சவர்க்கார நுரை, முகத்தில் பயம். நான் ஓம் என்றால் உண்மையாகவே போய்க் கேட்பாள். அதுதான் எனக்குப் பயம்.

"எனக்கென்னத்துக்கு" என்றேன். அப்பா சொன்ன மாதிரியே வந்தது.

அவள் பெருமூச்சு விட்டாள். ஆறுதல் மூச்சு. பிறகு அதற்காக வெட்கப்பட்டு என் சட்டையையும் வாங்கித் தோய்த்தாள்.

21.8 வியாழன்

கலியாணத்துக்கு முன்னமே சீதனச் சாமான் ஏற்ற, காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா இரண்டு சில்லு உழவு மெசினின் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்தார். அலுமாரி, இரண்டு கதிரை, பச்சைப் பெட்டி ஏற்றிக் கட்டினார்கள். பக்கத்து வளவு ஆட்களும் வந்து நின்றார்கள்.

மெசின் வரும்போதே டீசல் முடிந்து வாசலில் நின்றது. பிளாஸ்ரிக் கானிலிருந்து டீசல் ஊற்றிவிட்டுச் சித்தப்பா கைபிடியைச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார். வியர்வை ஒழுகினது.

"டீசல் குழாயில காத்து நிக்குது. நட்டை இளக்கவேணும்" என்றார் அப்பா. சித்தப்பா வேறொரு நட்டைப் பிடித்தார். "அது இல்லை, அது இல்லை." அப்பாவின் கை நீண்டு அப்படியே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

எப்படி நடந்து போனேன் தெரியாது. கயிற்றை இளக்கிப் பெட்டிக்குள் கைவிட்டு 17 எடுத்தேன். நட்டை இளக்கினேன். சுற்றுங்கோ என்று கையால் காட்டினேன். நுரையாக வந்தது. பிறகு டீசல் மட்டும். இறுக்கினேன். இரண்டாவது சுற்றில் மெசின் பிடித்தது.

"அட! பெட்டியோட பெட்டையையும் ஏத்துங்கோவன்!" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். கயிற்றைத் திரும்ப இறுக்கினேன். போய்விட்டார்கள்.

பின்னேரம் பூநகரி வீதியால் ஒருவர் சைக்கிளில் பம்பைக் கட்டிக்கொண்டு வந்தார். நாலு வருடமாக இங்கேதான் கொண்டு வருகிறவர். நான் தட்டிக்குப் பின்னால் போகத் திரும்பினேன். அப்பா, "நில்லு" என்றார்.

அவரிடம் சொன்னார்: "தம்பி, செய்யிறது நானில்லை. இவள்தான். இப்ப சாமான் இல்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவள் செய்யிறதெண்டு முதலே சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றார்.

பம்பை இறக்காமலே சைக்கிளைத் திருப்பினார்.